நாற்பத்தேழாம் மரம்

இருட்டு விலகுமுன் எழுந்தான். பாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினான். பல் விளக்கினான். அடுப்பில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்து டீத்தூளைப் போட்டான். பால் வாங்குவதை நிறுத்தி நாளாகிவிட்டது. அரிசியைக் களைந்து குக்கரில் ஏற்றிவிட்டு, விசில் வருவதற்குள் குளித்து முடித்தான். சோற்றை டப்பாவில் போட்டு மேலே நேற்றைய குழம்பை ஊற்றினான். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். இடுக்கி இருந்தது, சின்னக் கத்தரிக்கோல் இருந்தது, தூரிகை இருந்தது. கதவைப் பூட்டிப் பூட்டை ஒருதரம் இழுத்தான். தெருக் குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரர் குடத்தை நகர்த்தி வழிவிட்டார். முன்பெல்லாம் ஏதாவது கேட்பார். இப்போது வழி மட்டும் விடுகிறார்.

மரக் கம்பெனியின் கலப்புத் தோட்டத்தில் அவனுக்குப் பூ வேலை. காகிதத்துக்கும் பலகைக்கும் கம்பத்துக்கும் சீக்கிரம் வளரும் மரம் வேண்டும். தைலமரத்தில் ஒரு சாதி மளமளவென்று வளரும், ஆனால் கோணிக்கொண்டு போகும். இன்னொரு சாதி குத்தீட்டி மாதிரி நிற்கும், வளரத்தான் மனசு வராது. இரண்டையும் கலக்க வேண்டும். மொட்டின் தொப்பி மஞ்சளாகும் பருவம் பார்த்து ஏணியில் ஏறி, தொப்பியைக் கழற்றி, மகரந்தத்தாள்களை ஒன்று விடாமல் கத்தரித்து, நடுவில் நிற்கும் ஒற்றைச் சூலகத்தை மட்டும் விட்டுவிட்டுப் பை கட்டுவான். பூ பிசுபிசுத்ததும் வேறு மரத்துப் பொடியைத் தூரிகையில் தொட்டு வைத்து மறுபடி கட்டுவான். தேனீ வேலையை மனிதன் செய்வது. ஒரு குடுவை விதையில் ஆயிரம் பிள்ளைகள் முளைத்தால் ஒன்றிரண்டு தேறும்.

தாவரவியல் பட்டம் வாங்கியவன். "டிகிரி முடிச்சிட்டு மரத்துக்குக் கல்யாணப் புரோக்கர் வேலை பாக்கறாராம்" என்று பெண் பார்க்கப் போன அன்றே மச்சான் சொல்லிச் சிரித்தார். தோட்டத்திலும் அந்தப் பெயரே நிலைத்தது. புரோக்கர்.

அவன் சேர்த்துவைத்த ஜோடிகளில் ஒன்றுக்குத்தான் அந்தப் பிள்ளை பிறந்தது. நாற்பத்தேழு. கூடப் பிறந்ததெல்லாம் தோளுயரம் நிற்கும்போது அது கூரையைத் தாண்டியது. நேர். கிளை மெலிசு. பட்டை அடிவரை உரிந்து வெள்ளையாக நிற்கும். முற்றிய இலையில் நடுநரம்பு சிவப்பாக ஓடும். கம்பெனி அதைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது. மச்சான் பழத்தோப்பை அழித்துவிட்டு நிலம் முழுக்க அதை நட்டார். இன்னும் சில வருஷத்தில் அறுவடை என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது அவன் மனைவி காய்ச்சலில் படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

அன்று காலை ஏணியின் உச்சியில் இருந்தபோது போன் வந்தது. மச்சான்.

"மாப்பிள்ளை, எங்க இருக்கீங்க?"

"மரத்து மேல."

"எறங்குங்க. எறங்கி இங்க வாங்க."

"என்ன மச்சான்?"

"முந்தாநாள் காத்து அடிச்சுதுல்ல. உங்க பிள்ளைங்க எல்லாம் கும்பிடு போட்டுக்கிட்டு நிக்குது. வந்து ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போங்க."

போனை வைத்துவிட்டார்.

பஸ்ஸில் போய் இறங்கி வரப்பில் நடந்தான். தூரத்திலேயே தெரிந்தது. இரண்டு ஆள் உயரத்தில் வரிசை வரிசையாக முறிந்து தலை கவிழ்ந்து கிடந்தன. வெளுத்த சிராய்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. தைல வாசனை மூக்கை அடைத்தது. அங்கங்கே ஒன்றிரண்டு முறியாமல் நின்றது பார்க்க இன்னும் கேவலமாக இருந்தது.

மச்சான் அரிவாளோடு வரப்பில் குந்தியிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"வாங்க புரோக்கரே. பாருங்க. அடிச்ச காத்து ஒண்ணும் பெரிய காத்து இல்ல. பக்கத்து ஆளு வீட்டுக் கொடியில துணிகூட விழல."

"எல்லாமா?"

"எண்ணிட்டா இருக்க முடியும்? நிக்கறதும் நாளைக்கு விழும். ஆபீஸ்ல சொன்னேன். இயற்கைச் சீற்றம்னு ஒருத்தன் சொல்றான். சீறுச்சாம் இயற்கை. என் நிலத்துல மட்டும் வந்து சீறிட்டுப் போச்சாம்."

அவன் வரப்பிலிருந்து இறங்கினான். முதல் வரிசை மரத்தடியில் போய் நின்றான். அடிமரத்தில் முழங்கால் உயரம்வரை பட்டை உரியாமல் சொரசொரவென்று இருந்தது. காலுறை போட்ட மாதிரி. அடுத்த மரத்துக்குப் போனான். அதற்கும் காலுறை. கவிழ்ந்து கிடந்த கிளையிலிருந்து முற்றிய இலை ஒன்றைப் பறித்தான். அகலமாக இருந்தது. நடுநரம்பு பச்சை.

இலையை முகத்தருகே தூக்கித் திருப்பிப் பார்த்தான்.

"என்ன, வாசனை பாக்கறீங்க?" என்றார் மச்சான்.

"ஒண்ணுமில்ல."

"அவ அப்பவே சொன்னா மாப்பிள்ளை. நீ நடாதண்ணே, மொதல்ல மத்தவங்க வைக்கட்டும், பாத்துட்டு அடுத்த வருஷம் வெய்யின்னா. இதே வரப்புல நின்னுதான் சொன்னா. ஞாபகம் இருக்கா? நீங்க அவமேல பாஞ்சீங்க. என் மரத்துமேல உனக்கே நம்பிக்கை இல்லையான்னு. அப்புறம் அவ வாயைத் தொறக்கல. எனக்கும் ரோஷம் வந்துடுச்சு. மாப்பிள்ளை மரம், நாம வைக்காம எவன் வைப்பான்னு தோப்புல கோடாலி போட்டேன். பழம் பழமா காய்ச்ச தோப்பு."

"மச்சான்..."

"ஒண்ணு சொல்லுங்க. அவ எதுக்கு வேணாம்னா?"

"தெரியல."

அது உண்மை. அந்த நிமிஷம்வரை உண்மை.

மரம் வளர்ந்தபின் அவன் ஒருதடவைகூட இங்கே வந்து பார்க்கவில்லை. போகலாமா என்று கேட்டபோதெல்லாம் அவளுக்கு ஒரு வேலை வந்தது. இல்லையென்றால், "நீங்க பூ சீசனை விட்டுட்டு வரவேணாம், நான் மட்டும் அம்மாவைப் பாத்துட்டு வந்துடறேன்" என்பாள். அவள் போனபிறகு இந்த நிலத்தில் கால் வைக்க அவனுக்கே மனசு வரவில்லை. நட்ட வருஷம் வந்திருக்கிறான். பிஞ்சு இலையில் வித்தியாசம் தெரியாது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் குழந்தையில் எல்லாம் ஒரே சாயல்தான்.

காலுறை போட்ட மரம் எது என்று அவனுக்குத் தெரியும். நாற்பத்தேழைப் பெற்ற அதே தாய், வேறு தகப்பன். பன்னிரண்டு. குச்சியை மண்ணில் செருகினால் களை மாதிரி வேர் விடும். உயரமும் போகும். உயரம் போனபின் காற்று வந்தால் கழுத்து முறியும். தோட்டத்து ஆட்கள் அதற்குக் கழுத்தொடிஞ்சான் என்று பேர் வைத்திருந்தார்கள். எப்போதோ கழித்துக்கட்டிய மரம்.

இலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். மச்சான் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்படி நடந்தது இல்லை.

குச்சி வேர்விடும் கூடம் தோட்டத்தின் மறுகோடியில் இருந்தது. பிளாஸ்டிக் கூரை போட்ட நீளமான கொட்டகை. உள்ளே பனி மாதிரி நீர் தூவிக்கொண்டே இருக்கும். சுவரெல்லாம் வியர்க்கும். குளிரும் புழுக்கமும் சேர்ந்த ஒரு வாடை. பெஞ்சுகளில் தட்டுத் தட்டாகக் குழல்கள் நிற்கும், ஒவ்வொரு குழலிலும் இரண்டு இலையோடு ஒரு குச்சி. அவன் மனைவி வேலை பார்த்தது இங்கேதான். குச்சியைச் சாய்த்து வெட்டி, இலையைப் பாதி கிள்ளி, அடியை வேர்ப்பொடியில் தொட்டுக் குழலில் நடுவாள். அவள் கைக்கு ராசி உண்டு என்று சொல்லிக்கொண்டார்கள்.

அவள் இருந்த பெஞ்சில் இப்போது ரேடியோ தனியாக நின்றிருந்தாள். ரேடியோ என்பது ஆட்கள் வைத்த பேர். அவள் வாய் மூடியிருந்து யாரும் பார்த்ததில்லை. வயதானவள். பேரன் எடுத்தவள்.

"வா தம்பி. என்ன இந்தப் பக்கம்? சாப்பிட்டியா? மொகம் ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு? என் மருமகன் நேத்து..."

அவன் பையிலிருந்து இலையை எடுத்துப் பெஞ்சின்மேல் வைத்தான்.

ரேடியோ பார்த்தாள். நின்றுபோனாள். நீர் தூவும் சத்தம் மட்டும் கேட்டது.

"எங்கேருந்து எடுத்த?" என்றாள்.

"மச்சான் நிலத்துலேருந்து. மொத்தமும் இதுதான்."

"உடைஞ்சிடுச்சா?"

"உங்களுக்குத் தெரியும்ல?"

அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள். காய்ந்த கையையே துடைத்தாள்.

"உக்காரு."

"நிக்கறேன். சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல? உன் மரத்துக் குச்சி வேர் விடல தம்பி. ஒரு தட்டுல ரெண்டு வந்தா அதிசயம். அடியில கறுத்துக் கறுத்து அழுகும். அவ ராசிக்கைன்னு ஊரெல்லாம் பேச்சு, அந்தக் கை பட்டும் வரல. நீதான் கிளையிலேருந்து வெட்டிக் குடுத்த. முத்தின மரத்துக் கிளைக் குச்சி எங்கயாவது வேர் விடுமா? அடியோட அறுத்துட்டு, அதுல வர்ற மறுதாம்புத் துளிர வெட்டிக் குடுத்திருந்தா வந்திருக்கும். அவ உன்கிட்டக் கேட்டாளா இல்லையா?"

கேட்டாள். ஒருநாள் இல்லை, பல நாள். சாப்பாடு போடும்போது கேட்டாள், துணி மடிக்கும்போது கேட்டாள். "அந்த ஒத்த மரத்த அறுத்துக் குடுங்க, அடியிலேருந்து வர்ற துளிர வெச்சு நான் காடே உண்டாக்கித் தர்றேன்." அவன் மாட்டேன் என்றான். மரத்தை ஏழு வருஷம் அளக்க வேண்டும், பாதியில் அறுத்தால் அளவு இல்லை, அளவு இல்லையென்றால் மரம் இல்லை. "உனக்கு அறிவியல் புரியாது" என்றுகூட ஒருதரம் சொல்லியிருக்கிறான்.

"மேல இருந்து தேதி குடுத்துட்டாங்க" என்றாள் ரேடியோ. "அந்தத் தேதிக்குள்ள நாத்து வரலைன்னா வேற ஆளு மரத்த எடுத்துக்குவாங்களாம். உன் பேரே இருக்காதாம். அவ ராத்திரி தூங்கலைன்னு காலைல கண்ணப் பாத்தாலே தெரியும். ஒருநா மத்தியானம் நாங்க ரெண்டு பேருதான் இருந்தோம். எந்திரிச்சு வெளிய போனா. ஒரு கூடை குச்சியோட வந்தா. பிடுங்காம விட்டிருந்த பன்னெண்டாம் நம்பர் பாத்தியிலேருந்து. எதுக்குடின்னேன். பதில் சொல்லல. எல்லாத்தையும் நட்டா. அழுகுன தட்டுலேருந்து நாப்பத்தேழுன்னு எழுதின அட்டைய எல்லாம் பிடுங்கினா. இந்தப் புதுத் தட்டுல செருகினா."

"நீங்க பாத்துட்டு இருந்தீங்க."

"பாத்துட்டுத்தான் இருந்தேன். கூடவும் செருகினேன். பொய் சொல்ல மாட்டேன்."

"அழுதாளா?"

"இல்ல. வேலை முடிஞ்சதும் பசிக்குதுன்னா. என் டப்பாவத் தொறந்து குடுத்தேன். முழுசாச் சாப்பிட்டா."

அவன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டான். ஈரம் உள்ளங்கையில் ஒட்டியது.

"இத்தனை வருஷம் இந்த ஒண்ண மட்டும் வாயில போட்டுப் பூட்டிட்டீங்க" என்றான். "ரேடியோன்னு உங்களுக்கு எவன் பேர் வெச்சான்?"

"அவ என் கையில அடிச்சுச் சத்தியம் வாங்கினா. அவர் தலைநிமிந்து நடக்கறார், அதக் கெடுத்துடாதன்னா. உன்மேல அவளுக்கு..."

"போதும்."

"திட்டிட்டுப் போ தம்பி. என்னை ரெண்டு வார்த்தை திட்டிட்டுப் போ."

அவன் திட்டவில்லை. வெளியே வந்து வெயிலில் நின்றான். நாற்று வண்டி ஏறிய நாள் ஞாபகம் வந்தது. ஆபீஸ் வாசலில் அவனை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். கையில் ஒரு நாற்று. "கொஞ்சம் சிரிங்க" என்றார்கள். அவள் கூட்டத்தின் பின்னால் நின்று கைதட்டினாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டினாள். அவன் கையில் இருந்தது பன்னிரண்டு. படம் ஆபீஸ் வரவேற்பறையில் இன்னும் மாட்டியிருக்கிறது.

அவள்மேல் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்கு எதிரே ஒரு ஆள் வேண்டும்.

ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை மேடம். தலை பாதி நரைத்தவர். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், அவன் மனைவி போனபிறகு வாங்க போங்க என்று மரியாதைக்கு மாறியிருந்தார். அவன் உள்ளே போனபோது மேஜைமேல் தோட்டத்தின் வரைபடம் விரித்திருந்தது. அவனுடைய சோதனைப் பகுதியில் சிவப்புப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன். உக்காருங்க. பல எடத்துலேருந்து இதே புகார். நாப்பத்தேழ நிறுத்தறோம். அந்தப் பிளாக்கக் காலி பண்ணிட்டுப் புது நடவு. நாளைக்கு வண்டி வருது."

"நாப்பத்தேழோட மூல மரமும் அதுலதான் இருக்கு மேடம்."

"தெரியும். வருத்தமாத்தான் இருக்கு."

அவன் இலையை வரைபடத்தின்மேல் வைத்தான். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வந்தது எதுவும் வரவில்லை. "விழுந்தது என் மரம் இல்ல மேடம்" என்றான். "பன்னெண்டு. குச்சிய மாத்தினது என் மனைவி."

சொல்லிவிட்டான். அவளைப் பற்றி யாரிடமும் இப்படிக் குற்றமாகச் சொன்னதில்லை.

மேடம் இலையைத் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்குத் தெரியும்."

"இப்பவா?"

"அப்பவே. பத்துக்கு ரெண்டு வராத தட்டு திடீர்னு பத்துக்கு ஒம்போது வருது. நான் என்ன கண்ண மூடிக்கிட்டா சம்பளம் வாங்கறேன்? அந்த வாரமே அவங்களக் கூப்பிட்டுக் கேட்டேன். நீங்க உக்காந்திருக்கற அதே நாற்காலி. மறைக்கல. ஆமா மேடம்னாங்க. அவருக்குத் தெரிய வேணாம், அது ஒண்ணுதான் கேக்கறேன்னாங்க."

"நீங்க சரின்னீங்க."

"மேல என்கிட்ட கேட்டது தேதி. மரத்த யாரும் கேக்கல. பன்னெண்டும் மோசமான மரம் இல்ல, காத்து வராத எடத்துல நிக்கும்னு நெனச்சேன். நெனப்பு தப்பாப் போச்சு."

"காத்து வராத எடம்னு ஒண்ணு எங்க மேடம் இருக்கு?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"இத நீங்க வெளிய சொன்னா என்ன ஆகும்னு யோசிங்க. எனக்கு வேலை போகும், போகட்டும். செத்தவங்க பேரு இழுபடும். அவங்க வீட்டு ஆளுங்களே அவங்களத் திட்டுவாங்க."

"மரம் தப்பிக்கும்ல? அது நிக்குது மேடம். அந்தக் காத்துல ஒரு கிளை உடையல. வந்து பாருங்க."

"எந்த மரம்? நாப்பத்தேழுன்னு சொன்னா இனிமே எவன் வாங்குவான்?"

"வேற நம்பர் குடுங்க."

"குடுத்தா ஏன்னு கேப்பாங்க. என்ன சொல்ல?"

"அடியில அறுத்துட்டு வேரையாவது விடுங்க. மறுதாம்பு வரும். அதுலேருந்து..."

முடிக்கவில்லை. அவள் கேட்ட அதே வார்த்தை தன் வாயிலிருந்து வருவதைக் கேட்டு நிறுத்திக்கொண்டான்.

"நடவுக்கு நிலம் சுத்தமா வேணும்" என்றார் மேடம். மெதுவாகத்தான் சொன்னார். "வீட்டுக்குப் போங்க. ரெண்டு நாள் லீவு எடுத்துக்கங்க."

லீவு எடுக்கவில்லை. மறுநாள் வெயில் ஏறும் நேரத்துக்குச் சோதனைப் பகுதியின் ஓரத்தில் போய் நின்றான். மண்வாரி வண்டியின் ஓட்டுநர் பல்குச்சியை மென்றுகொண்டே, "ஒதுங்கி நில்லுங்க சார், இது எந்தப் பக்கம் சாயும்னு தெரியாது, நல்லா உசரமா இருக்கு" என்றான். ரம்பக்காரர்கள் முதலில் அறுத்தார்கள். நாற்பத்தேழு நேராக நின்ற மாதிரியே நேராக விழுந்தது. அறுத்த முகத்தில் வெடிப்பு இல்லை, துளை இல்லை. ரம்பக்காரர் ஒருவர் உள்ளங்கையால் அதைத் தடவி, "கதவு நிலைக்கு ஆகும்" என்றார். அப்புறம் வண்டி வந்து அடிக்கட்டையின் கீழே பல்லைக் கொடுத்துத் தூக்கியது. வேர் ஒவ்வொன்றாக அறுபடும் சத்தம் கேட்டது. குழியில் ஈர மண் சரிந்தது.

அங்கிருந்து நேரே மச்சான் வீட்டுக்குப் போனான்.

பஸ்ஸில் ஒரு முடிவோடுதான் உட்கார்ந்திருந்தான். அந்த மனிதர் தோப்பை அழித்திருக்கிறார். அவருக்கு இயற்கைச் சீற்றம் என்று சொல்லி ஏமாற்ற முடியாது. நடந்தது நடந்தபடி சொல்லிவிட வேண்டும். யார் மாற்றினது, ஏன் மாற்றினது, யார் யாருக்குத் தெரியும், எல்லாம்.

முற்றத்தில் முறிந்த மரங்களை விறகுக்கு வெட்டி அடுக்கியிருந்தார்கள். மச்சான் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்தை பரிமாறிக்கொண்டிருந்தாள். மகள் போனபிறகு உடம்பு பாதியாகிவிட்டது. அவனைப் பார்த்ததும் இன்னொரு தட்டை எடுத்தாள்.

"வாங்க மாப்பிள்ளை. கை கழுவிட்டு உக்காருங்க."

"இருக்கட்டும் அத்தை."

"என்ன இருக்கட்டும்? கன்னம் ரெண்டும் உள்ள போயிடுச்சு. அங்க என்னத்தப் பொங்கித் திங்கறீங்களோ. உக்காருங்க."

உட்கார்ந்தான். சோறு விழுந்தது. குழம்பு விழுந்தது. கையை வைக்கவில்லை.

"மச்சான், அது என் மரம் இல்ல."

மச்சான் மென்றுகொண்டே நிமிர்ந்தார். "எது?"

"நீங்க நட்டது. நம்பர் மாறிப்போச்சு. அது வேற மரம். கழிச்சுக்கட்டின மரம்."

"மாறிப்போச்சுன்னா? தானா நடந்து போய் மாறிக்கிச்சா?"

"மாத்தினாங்க."

"யாரு?"

அத்தை கரண்டியோடு நின்றாள். குழம்பு ஒரு சொட்டு தரையில் விழுந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"எனக்கு ஒண்ணு விளங்கணும்" என்றார் மச்சான். குரல் இறங்கியிருந்தது. "குச்சி நடறது அவ வேலை. நட வேணாம்னு என்கிட்டச் சொன்னதும் அவதான். அப்ப தெரிஞ்சுதான் சொன்னாளா? என் கூடப் பொறந்தவ, தெரிஞ்சுக்கிட்டே என்னை அந்தத் தோப்புல கோடாலி போட விட்டாளா? எனக்கு அத மட்டும் சொல்லுங்க. நிலம் போகட்டும்."

அவன் அத்தையின் முகத்தைப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது.

"நாந்தான் மாத்தினேன்" என்றான்.

"நீங்களா?"

"தேதி நெருங்கிச்சு. என் மரம் வேர் விடல. பேர் போயிடும்னு பயம். அவளுக்குச் சந்தேகம் இருந்துச்சு. கேட்டா. நான் வாய அடைச்சிட்டேன். அதான் உங்ககிட்ட வேணாம்னு மட்டும் சொல்ல முடிஞ்சுது. அவளுக்கு வேற ஒண்ணும் தெரியாது."

மச்சான் சாப்பாட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளினார். கையை உதறினார். அடிப்பார் என்று நினைத்தான். அடித்திருந்தால் சுலபம்.

"எந்திரிங்க" என்றார்.

"டேய், சாப்பாட்டுல உக்காந்தவர..." என்றாள் அத்தை.

"எந்திரிங்க மாப்பிள்ளை. சோத்துமேல சத்தம் போட வேணாம்னு பாக்கறேன். எங்க வீட்டுப் பொண்ணக் குடுத்தோம், அவள நாலு வருஷத்துல வாரிக் குடுத்துட்டு வந்தீங்க. நிலத்தக் குடுத்தோம், அதையும் இப்படிப் பண்ணிட்டீங்க. இனி இந்த வாசல்ல எங்களுக்கு மிச்சம் என்ன இருக்கு, நீங்க வர்றதுக்கு?"

எழுந்தான். தொடாத சோறு அப்படியே இருந்தது. செருப்பை மாட்டும்போது அத்தை நிலைவரை வந்தாள். கரண்டி இன்னும் கையில் இருந்தது. கோபத்தில் பேசவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"எம்பொண்ணு சாகற நேரத்துலயும் உங்களத்தான் நம்பினா. அம்மாவையும் அண்ணனையும் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுக் கண்ண மூடினான்னு நீங்கதான் சொன்னீங்க. வர்றவங்க போறவங்ககிட்டெல்லாம் அதச் சொல்லித்தான் நான் உசிரோட இருக்கேன். இப்படித்தான் பாத்துக்குவீங்களா மாப்பிள்ளை?"

அவன் வரப்பில் இறங்கி நடந்தான். வெட்டிப் போட்ட கிளைகளின் இலை வெயிலில் சுருண்டு, காலடியில் நொறுங்கியது.

அவள் அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அத்தை அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கடைசியா என்ன சொன்னா, என்ன சொன்னா என்று உலுக்கியபோது வாயில் வந்ததைச் சொன்னான். ஒரு தாய்க்குச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான் இருந்தது.

அவள் போன அன்று மத்தியானம் அறையில் அவனும் அவளும்தான். பக்கத்துக் கட்டிலைக் காலி செய்து விரிப்பை உருவியிருந்தார்கள். அவளுக்குக் காய்ச்சல் கொஞ்சம் இறங்கி, பேச்சு தெளிவாக இருந்தது. அண்ணன் நிலத்தில் மரம் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவன் பார்த்திருக்கவில்லை. ஆனாலும் தென்னை உயரம் போய்விட்டதாகச் சொன்னான். காற்றுக்கு நிற்குமா என்றாள். என் மரம் நிற்காமல் எது நிற்கும் என்று சிரித்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். அறைக்குள் யாரும் வரவில்லை. சொல்ல நேரம் இருந்தது. உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டாள். அவன்கூட ஏதோ சொல்லப்போகிறாள் என்று குனிந்தான்.

"போய்ச் சாப்பிட்டு வாங்க" என்றாள். "கேன்டீன் மூடிருவான்."